சனிக்கிழமை 11 மணிக்கு நின்றுபோகும் மென்பொருள்

கேள்வி: வணக்கம் மேடம். சேலத்தில் ஒன்பது பேர் வேலை பார்க்கும் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். வயது 29. வெள்ளி வியாபாரிகளுக்கான கணக்கு மென்பொருள் எங்களுடையது. பட்டறைக்குக் கொடுக்கிற வெள்ளி, திரும்பி வருகிற கொலுசு, டச் (வெள்ளியின் தூய்மை அளவு), சேதாரம், கூலி எல்லாம் அதில்தான். 140 கடைகள் பயன்படுத்துகின்றன. ஒரே அப்ளிகேஷன், ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ஒவ்வொரு பதிவின்போதும் அந்தக் கடையின் மொத்த வெள்ளி இருப்பையும் மாற்றி எழுதி, பட்டறைக்காரருக்கு எஸ்எம்எஸ் அனுப்புவோம்.

சனிக்கிழமை கூலிக் கணக்கு முடிக்கும் நேரத்தில், காலை 11 மணி வாக்கில், எல்லாக் கடைக்கும் ஒரே சமயத்தில் திரை அப்படியே நின்றுவிடுகிறது. சர்வரை இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தோம், மாற்றமே இல்லை. அந்த நேரத்தில்கூட சிபியு 15 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. பெங்களூரிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருவர், எல்லாவற்றையும் 14 மைக்ரோசர்வீஸாக, அதாவது தனித்தனியாக ஓடும் சின்ன அப்ளிகேஷன்களாகப் பிரித்து, அவற்றை நிர்வகிக்கும் குபர்னெடீஸில் ஓட்டினால் சரியாகும், ஆறு மாதம் ஆகும் என்கிறார். முதலாளியும் தலையாட்டிவிட்டார்.

இன்னொன்று. இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் டீமில் இருக்கும் ஜூனியர் பெண் ஒருவர், ஒரு கடையின் டச் மதிப்பை லைவ் டேட்டாபேஸில் திருத்தப் போய், எந்தக் கடைக்கு என்று சொல்லும் 'வேர்' நிபந்தனையை விட்டுவிட்டார். 140 கடைகளின் டச்சும் ஒரே எண்ணாகிவிட்டது. முந்தைய இரவு எடுத்த பேக்கப்பை ஏற்ற மூன்று மணி நேரம் ஆனது. அன்று காலைப் பதிவுகள் போயின. கடைக்காரர்கள் சிட்டையைப் பார்த்து மறுபடி தட்டினார்கள். முதலாளி எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணைத் திட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து என்னைத் தவிர யாரும் ரிலீஸ் (புது மாற்றங்களை லைவில் ஏற்றுவது) செய்யக்கூடாது, அதுவும் மாதம் ஒரு முறைதான் என்று சட்டம். இப்போது டீமில் யாரும் வாயைத் திறப்பதில்லை. பிரிப்பது சரியா? இல்லை, நானே பெங்களூர் பக்கம் போய்விடட்டுமா?

— பெயர் வேண்டாம், ஐந்து ரோடு, சேலம்

பதில்: தம்பி, இப்போதைக்குப் பிரிக்காதீர்கள்.

உங்கள் கடிதத்திலேயே விடை பாதி இருக்கிறது. சிபியு 15 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சர்வரை இரண்டு மடங்காக்கியும் மாறவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் அந்த மெஷின் வேலைப்பளுவால் திணறவில்லை, சும்மா காத்துக்கொண்டு நிற்கிறது. எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு முன்னால் ஆறு மாத வேலையில் இறங்குவது, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமலே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பது போல.

என் ஊகத்தைச் சொல்கிறேன். பதிவு ஒவ்வொன்றும் கடையின் மொத்த இருப்பு என்கிற ஒரே ஒரு வரியை மாற்றுகிறது. போஸ்ட்கிரெஸில் ஒரு டிரான்ஸாக்‌ஷன் (முழுதாக முடியும், இல்லையேல் முழுதாக ரத்தாகும் வேலைத் தொகுப்பு) ஒரு வரியை மாற்றத் தொடங்கினால், அது முடியும்வரை அந்த வரி அதன் கையில் பூட்டியிருக்கும். அதே வரியை மாற்ற வரும் அடுத்த ஆள் வாசலில் நிற்க வேண்டியதுதான். இது சில மில்லிசெகண்டில் முடிந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் எஸ்எம்எஸ்ஸை எங்கே அனுப்புகிறீர்கள்? அந்த டிரான்ஸாக்‌ஷன் முடிவதற்கு உள்ளேயே அனுப்புகிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எஸ்எம்எஸ் கேட்வே பதில் சொல்ல இரண்டு நொடி எடுத்தால், அந்த இரண்டு நொடியும் இருப்பு வரி பூட்டியே இருக்கும்.

ஒரு பெரிய கடையை நினைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் சனிக்கிழமை காலை, கல்லாவில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பதிவு போடுகிறார்கள். பன்னிரண்டும் ஒரே வரிக்காக வரிசையில். கடைசி ஆளுக்கு இருபத்துச் சொச்சம் நொடி. பொறுமை இழந்து அவர் மறுபடி பட்டனை அமுக்குகிறார், வரிசையில் இன்னொரு ஆள். காத்து நிற்கும் ஒவ்வொருவரும் ஒரு டேட்டாபேஸ் கனெக்‌ஷனைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்கிறார்கள். உங்கள் கனெக்‌ஷன் பூலில், அதாவது எல்லோரும் பகிர்ந்துகொள்ளத் திறந்து வைத்திருக்கும் தொகுப்பில், இருபது இருக்குமா? இரண்டு பெரிய கடை போதும், இருபதும் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் சிவதாபுரத்தில் ஒரே ஆள் வைத்து நடத்துகிற சின்னக் கடைக்கும் திரை நிற்கும். அந்தக் கடையின் இருப்பு வரியை யாரும் தொடவே இல்லை, ஆனாலும் நிற்கும். டேட்டாபேஸ் மெஷினோ சும்மா இருக்கும். நீங்கள் பார்த்த 15 சதவீதம் இதுதான்.

இதைச் சரிபார்க்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். நிற்கிற அந்த நேரத்தில் டேட்டாபேஸில் யார் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி' என்கிற அட்டவணையைப் பாருங்கள். அதில் 'வெயிட் ஈவென்ட் டைப்' என்கிற பத்தியில் 'லாக்', 'லாக்', 'லாக்' (பூட்டு) என்று வரிசையாக வந்தால் நான் சொன்னதுதான். 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்' என்ற நிலையில் ஒன்றோ இரண்டோ இருந்தால், எஸ்எம்எஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டு பூட்டைப் பிடித்திருப்பது அவைதான். வேறு ஏதாவது வந்தால் என் ஊகம் தப்பு, திரும்ப எழுதுங்கள், சேர்ந்து தேடலாம்.

ஊகம் சரி என்றால் வேலை இரண்டு வாரம்கூட இல்லை. முதலில் எஸ்எம்எஸ்ஸை வெளியே எடுங்கள். 'இந்தச் செய்தியை அனுப்ப வேண்டும்' என்று அதே டிரான்ஸாக்‌ஷனில் ஒரு அட்டவணையில் எழுதி வையுங்கள். தனியாக ஓடும் சின்ன புரோகிராம் ஒன்று அதிலிருந்து எடுத்து அனுப்பட்டும். இந்த முறைக்கு அவுட்பாக்ஸ் என்று பெயர். கேட்வே படுத்தாலும் பதிவு நிற்காது, செய்தியும் தொலையாது.

அடுத்தது இருப்பு வரி. இதில் உங்கள் வாடிக்கையாளர்களிடமே கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. எந்த வெள்ளிக் கடையிலாவது சிட்டையில் அடித்துத் திருத்தி நீங்கள் பார்த்ததுண்டா? 500 கிராம் என்று எழுத வேண்டியதை 550 என்று எழுதிவிட்டால், அதற்குக் கீழே 50 கிராம் வரவு என்று இன்னொரு வரி போடுவார்கள். பழைய வரி அப்படியே இருக்கும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பற்றும் வரவும் மட்டும் புதிய வரிகளாகச் சேரட்டும். மொத்த இருப்பை அவற்றைக் கூட்டிக் காட்டுங்கள். வரிகள் பெருகிவிட்டால் தினமும் இரவு ஒரு முறை கூட்டி 'நேற்றுவரை இருப்பு' என்று எழுதி வைத்துக்கொண்டால் போதும். புதிய வரி சேர்ப்பவர்கள் ஒருவரை ஒருவர் வழிமறிப்பதில்லை. கூடவே, எந்த எண் எப்போது யாரால் எப்படி வந்தது என்ற சரித்திரமும் தானாகவே கிடைக்கும். டச் மதிப்பையும் இப்படி வைத்திருந்தால் அன்றைக்கு மூன்று மணி நேரம் போயிருக்காது.

சரி, 14 சர்வீஸாகப் பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே இருப்பு வரி ஏதோ ஒரு சர்வீஸுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். பூட்டும் அங்கேயே இருந்திருக்கும். இப்போது வெள்ளி கொடுத்த பதிவும் கூலிப் பதிவும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் சேர்ந்து எழுதப்படுகின்றன, அல்லது இரண்டுமே எழுதப்படுவதில்லை. பிரித்துவிட்டால் அந்த உத்தரவாதம் போய்விடும். ஒன்று பதிந்து மற்றது பதியாமல் பாதியில் நிற்கும் நிலைகளை எல்லாம் நீங்களே யோசித்துக் கோட் எழுத வேண்டும். கிராம் கணக்கில் சண்டை வருகிற தொழிலில் இதைத் தேவையில்லாமல் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

பெங்களூர்த் தம்பியைக் குறை சொல்லவில்லை. அவர் பார்த்த இடத்தில் அது சரியாகவே இருந்திருக்கும். நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் ஒரே கோடில் வேலை செய்து ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொள்ளும்போது, தனித்தனியாக ரிலீஸ் செய்யப் பிரிப்பார்கள். மெல்வின் கான்வே என்பவர் 1968-லேயே எழுதினார், ஒரு நிறுவனம் எந்த மாதிரி பேசிக்கொள்கிறதோ அந்த மாதிரிதான் அது கட்டும் அமைப்பும் இருக்கும் என்று. நீங்கள் ஒன்பது பேர், ஒரே அறை. ஒன்பது பேருக்கு 14 சர்வீஸ் என்றால் ஆளுக்கு ஒன்றரை வருகிறது. அமேசான் பிரைம் வீடியோவில்கூட, வீடியோ தரத்தைக் கண்காணிக்கிற ஒரு குழு, பல துண்டுகளாக ஓடியதை ஒரே அப்ளிகேஷனாகச் சேர்த்ததால் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று 2023-ல் அவர்களே எழுதினார்கள். அவர்களுக்கு அந்தச் சேர்ப்பு பொருந்தியது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் அளவுகள்தான் சொல்ல வேண்டும்.

இது வரைக்கும் சுலபம். கடிதத்தை மறுபடி படித்தபோது என்னை உறுத்தியது இரண்டாவது பாதி.

அந்தப் பெண் ஒரு நிபந்தனையை விட்டுவிட்டார். உண்மைதான். அதற்கு முன்னால் எத்தனை கதவுகள் திறந்து கிடந்தன என்று பாருங்கள். ஜூனியரின் கையில் லைவ் டேட்டாபேஸை மாற்றக்கூடிய பாஸ்வேர்ட் இருந்தது. டச் திருத்துவது வாடிக்கையான வேலை, ஆனால் அதற்குத் திரையே கிடையாது, நேரடியாகக் கட்டளை எழுத வேண்டியிருந்தது. எழுதியதைப் பார்க்க இரண்டாவது ஆள் இல்லை. பேக்கப் இரவுக்கு ஒரு முறைதான். போஸ்ட்கிரெஸில் மாற்றப் பதிவுகளைத் தொடர்ந்து சேமித்து வைத்தால், தவறு நடந்ததற்கு ஒரு நிமிடம் முன்பு இருந்த நிலைக்கே திரும்ப முடியும். அது அமைக்கப்படவில்லை. பேக்கப்பை ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தெரிந்திருக்கிறது. இவ்வளவும் அவர் சேர்வதற்கு முன்பே இருந்த ஓட்டைகள். கடைசி ஓட்டையில் கால் வைத்தவர் அவர். நாளைக்கு நீங்களே வைத்திருக்கலாம்.

2017 ஜனவரி 31-ஆம் தேதி, மென்பொருள் கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு நேரத்தில் டேட்டாபேஸ் பிரச்சினையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா முழுவதையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப் எடுப்பதாக நம்பிக்கொண்டிருந்த முறைகள் ஒன்றொன்றாகக் கைவிட்டன. ஒன்று, போஸ்ட்கிரெஸ் பதிப்புப் பொருந்தாததால் ஓடவே இல்லை. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறு காரணத்துக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த நகல் ஒன்றுதான் காப்பாற்றியது.

அந்த நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? மீட்கிற வேலையை உலகமே பார்க்கும்படி நேரலையில் நடத்தியது. அப்புறம் நடந்ததை ஒளிக்காமல் அறிக்கையாக எழுதியது. விரிவான அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. கேள்வி எல்லாம் 'பேக்கப் ஓடவில்லை என்பது நமக்கு ஏன் தெரியாமல் போனது' என்பதைப் பற்றி. உலகம் முழுக்க எத்தனையோ குழுக்கள் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பேக்கப்பைத் திறந்து பார்த்திருக்கும். நானும் பார்த்தேன்.

நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், இதன் மறுபக்கத்தை வாழ்ந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, சென்னையில் ஒரு நிறுவனம். சோதனைக்காக லைவ் சர்வரில் ஓர் அமைப்பை மாற்றிவிட்டுத் திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். மறுநாள் வாடிக்கையாளரின் ரிப்போர்ட்டில் எண்கள் தப்பாக வந்தன. முந்தின வாரம்தான் ஒருவரை மேனேஜர் கண்ணீர் வரும்வரை பேசியதைப் பார்த்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நான்கு நாள் ஆறு பேர் தேடினார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து தேடுவது போல இருந்தேன். ஐந்தாம் நாள் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிட்டேன், பிரச்சினை தானாகச் சரியாகிவிட்டது என்று எழுதி மூடிவிட்டார்கள். என்னோடு இருந்த ஒருவர் மேல் சந்தேகம் விழுந்து அவரை வேறு புராஜெக்டுக்கு அனுப்பினார்கள். பல வருடம் கழித்து அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்த நான்கு நாட்களை யாராலும் திருப்பித் தர முடியாது.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைகளில், மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். எண்கள் தலைகீழாக வந்தன, நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. மேலும் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அங்கே பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். உங்கள் டீமில் இரண்டு மாதமாக யாரும் வாயைத் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. இந்த இரண்டு மாதத்தில் எந்தத் தவறும் நடக்கவில்லை என்று நம்புகிறீர்களா?

மாதம் ஒரு ரிலீஸ் என்கிற சட்டமும் பாதுகாப்பு தராது. மாதக் கடைசியில் நாற்பது மாற்றம் ஒன்றாகப் போகும். ஏதாவது உடைந்தால் நாற்பதில் எது என்று தேட வேண்டும். எழுதியவருக்கே மூன்று வாரத்துக்கு முன் எழுதியது மறந்திருக்கும். 2009-ல் புகைப்படத் தளமான ஃபிளிக்கரைச் சேர்ந்த ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும், தாங்கள் ஒரு நாளைக்குப் பத்து முறைக்கு மேல் ரிலீஸ் செய்வதாக ஒரு மாநாட்டில் சொன்னபோது கேட்டவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். ஒவ்வொரு மாற்றமும் சின்னது, அதனால் உடைந்தால் எது என்று உடனே தெரியும், திரும்ப எடுப்பதும் சுலபம். இதே ஆல்ஸ்பாதான் 2012-ல் கைவினைப் பொருள் விற்கும் தளமான எட்ஸியில் இருந்தபோது, பழி போடாமல் விபத்தை ஆராய்வது பற்றி எழுதினார். இரண்டையும் ஒரே ஆள் சொன்னது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அடிக்கடி ரிலீஸ் செய்ய வேண்டுமென்றால் தவறை உடனே சொல்லும் தைரியம் எல்லோருக்கும் இருக்க வேண்டும்.

முதலாளியிடம் இதை மென்பொருள் மொழியில் சொல்லாதீர்கள். அவர் வெள்ளிக்காரர்களோடு பழகியவர். பட்டறையில் உருக்கியதும் நிறுப்பார்கள், கம்பி இழுத்ததும் நிறுப்பார்கள், பற்றவைத்ததும் மெருகு போட்டதும் நிறுப்பார்கள். எடை குறைந்தால் எந்தப் படியில் குறைந்தது என்று அப்போதே தெரியும். கடைசியில் ஒரே முறை நிறுத்தால் யாரைக் கேட்பது? அவரிடம் அதைக் கேளுங்கள். அப்புறம், எடை குறைந்ததைச் சொன்ன ஆளை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினால் அடுத்த முறை எடை குறைவதை யார் வந்து சொல்வார்கள் என்றும் கேளுங்கள். நான் ஏற்காட்டில் குடியேறி, மலையிறங்கி வந்து சேலத்து நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்ல ஆரம்பித்த ஏழு வருடத்தில் கவனித்திருக்கிறேன், தொழில் தெரிந்த முதலாளிகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். திட்டியது கோபத்தில்தான். காசு போனதில் வந்த பயம்தான் கோபமாக வந்திருக்கும்.

இந்த வாரமே செய்யக்கூடியவற்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லோருடைய லைவ் டேட்டாபேஸ் கணக்கையும், உங்களுடையது உட்பட, படிக்க மட்டும் என்று மாற்றுங்கள். டச் திருத்த ஒரு சின்னத் திரை செய்யுங்கள். தவிர்க்க முடியாமல் கையால் கட்டளை ஓட்ட வேண்டி வந்தால், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். 'பிகின்' போட்டுத் தொடங்கி, எத்தனை வரி மாறியது என்று பார்த்து, ஒன்றுக்குப் பதில் 140 என்று வந்தால் 'ரோல்பேக்' போட்டு ரத்து செய்துவிட வேண்டும். மாதம் ஒரு நாள் பேக்கப்பை வேறு மெஷினில் ஏற்றிப் பாருங்கள், கடிகாரம் வைத்து. ரிலீஸை வாரத்துக்கு இரண்டு என்று தொடங்குங்கள், சனிக்கிழமை மட்டும் வேண்டாம். செய்வது யார் என்பது சுழற்சியில் வரட்டும்.

அந்தப் பெண்ணிடம் நீங்கள் பேசியாக வேண்டும். அன்று அவர் திட்டு வாங்கியபோது நீங்கள் சும்மா நின்றீர்கள். உங்களுக்கே அது தெரிகிறது, இல்லாவிட்டால் கடிதத்தில் எழுதியிருக்க மாட்டீர்கள். 'நான் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை, தப்பு என்னுடையது' என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அப்புறம் டீம் முழுவதும் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததை நிமிடம் நிமிடமாக எழுதுங்கள், யார் என்பதை விட்டுவிட்டு. அவருக்குச் சம்மதம் என்றால் அவரே எழுதட்டும். அங்கே என்னவெல்லாம் இல்லாமல் போனது என்று அவரைவிடத் துல்லியமாகச் சொல்ல உங்கள் நிறுவனத்தில் ஆளே கிடையாது. சம்மதமில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள்.

பெங்களூர் பற்றிக் கேட்டீர்கள். சம்பளத்துக்காக, வீட்டுக்காக, ஆசைக்காக என்றால் தாராளமாகப் போங்கள். இதிலிருந்து தப்பிப்பதற்காக என்றால் அங்கேயும் ஒரு சனிக்கிழமை 11 மணி இருக்கும், அங்கேயும் யாரோ ஒரு ஜூனியர் எல்லோர் முன்னாலும் நின்றுகொண்டிருப்பார்.

வருகிற சனிக்கிழமை பத்தே முக்காலிலிருந்து அந்த அட்டவணையை ஐந்து நொடிக்கு ஒரு முறை பதிவு செய்யும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓட விடுங்கள். எழுதும் வேலையை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள். வந்ததை அப்படியே எனக்கு அனுப்புங்கள். கடைகளின் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.